இருளை இரந்து பெற்றவர்கள்: ‘மாக்பெத்’ நாடகத்தில் இருளும் சீர்குலைவும்

ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ நாடகத்தைக் கல்லூரியில் பாடமாகப் பயின்றோர்க்கு ஒரு வினா நினைவிருக்கும். இந்நாடகத்தில் வரும் இருள் எப்பொருளை உணர்த்துகிறது என்பதே அவ்வினா. அதற்கு உரிய விடையும் ஏறத்தாழ ஒரு வாய்பாடாகவே வழங்கி வருகிறது. இருள் தீமையின் சின்னம்; ஒளி நன்மையின் சின்னம்; மன்னன் கொலையுண்டதும் இருள் உலகைக் கவ்வுகிறது; கொலைகாரன் மடிந்ததும் ஒளி மீள்கிறது. இவ்விடை பிழையானதன்று, ஆயினும் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அவ்வாறு நின்றுவிடுவதால் ஒரு தீங்கும் விளைகிறது. தீமை என்பது மழையும் புயலும் போல வெளியிலிருந்து வந்து மனிதனைச் சூழ்ந்துகொள்ளும் ஒன்று என்னும் எண்ணத்தை அது நம் உள்ளத்தில் விதைத்துவிடுகிறது. நாடகத்தைச் சொல் சொல்லாக வாசிப்போர்க்குக் கவிஞர் காட்டுவது வேறு என்பது விளங்கும். இந்நாடகத்தில் இருள் தானாக வருவதில்லை. அது அழைக்கப்படுகிறது; மன்றாடிக் கேட்கப்படுகிறது. கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார், கேட்டது கிடைத்தபின் அவருக்கு நேர்வது என்ன ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பகலில் எழுப்பிய இரவு

‘மாக்பெத்’ 1606ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது என்பது அறிஞர் பலரின் கருத்து. 1611ஆம் ஆண்டில் இலண்டன் குளோப் அரங்கில் இதைக் கண்ட ஒருவர் எழுதி வைத்த குறிப்பு இன்றும் உள்ளது. நூலாக அச்சேறியது கவிஞர் மறைந்து ஏழாண்டுகள் கழித்து, 1623இல். தமிழ் நாடக உலகிற்கும் இக்கதை அயலானதன்று. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார், ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ ஆக்கியது போலவே ‘மாக்பெத்’தையும் ‘மகபதி’ என்னும் பெயரில் தமிழாக்கித் தந்தார்.

கதையைச் சுருங்கச் சொல்வோம். ஸ்காட்லாந்தின் படைத்தலைவன் மாக்பெத், போரில் வென்று திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகளைக் காண்கிறான். அவன் அரசனாவான் என்று அவர்கள் கூறுகின்றனர். உடன் வந்த நண்பன் பாங்க்கோவிடம் அவனுடைய வழித்தோன்றல்கள் அரசாள்வர் என்கின்றனர். டங்கன் மன்னன் மாக்பெத்தின் உறவினன். எவரையும் எளிதில் நம்பும் நல்லவன். அவன் மாக்பெத்தின் கோட்டையில் விருந்தினனாகத் தங்கும் இரவில், மனைவியின் தூண்டுதலால் மாக்பெத் அவனைக் குத்திக் கொன்று அரியணை ஏறுகிறான். பின்னர்ப் பாங்க்கோ கொல்லப்படுகிறான். மாக்டஃப் என்னும் பிரபுவின் மனைவி மக்கள் கொல்லப்படுகின்றனர். இறுதியில் டங்கனின் மகன் மால்கமும் மாக்டஃபும் படை திரட்டி வர, மாக்பெத் மடிகிறான்.

1904இல் வெளியான தமது புகழ்பெற்ற ஆய்வு நூலில் ஏ. சி. பிராட்லி ஓர் உண்மையைச் சுட்டினார். இந்நாடகத்தில் நம் நினைவில் நிற்கும் காட்சிகளில் பெரும்பாலானவை இரவிலோ இருண்ட இடத்திலோ நிகழ்கின்றன என்பதே அது. இதனோடு மற்றொன்றையும் நாம் சேர்த்து எண்ண வேண்டும். பழைய தென்னார்க்காட்டுச் சிற்றூர்களில் தெருக்கூத்து இரவில் தொடங்கி விடியும்வரை நடக்கும். கூத்தனுக்கு உண்மையான இரவே திரைச்சீலை. குளோப் அரங்கிலோ நாடகம் பிற்பகலில், திறந்த வானத்தின் கீழ், கதிரவன் ஒளியில் நடந்தது. விளக்கை அணைத்து இருளை உண்டாக்கும் வசதி அங்கில்லை. நடிகன் ஒரு தீப்பந்தத்தை ஏந்தி வருவான். அல்லது இருளைச் சொல்லால் எழுப்புவான். ஆகவே இந்நாடகத்தில் இருள் என்பது முதலில் ஒரு பேச்சு. மாக்பெத் இருளை அழைத்தபோது கூடியிருந்தோரின் முகங்களில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இருள் வேண்டும் என்று கேட்டவன் அவன் ஒருவனே என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டனர்.

மூன்று மன்றாட்டுகள்

முதல் மன்றாட்டு முதல் அங்கத்தின் நான்காம் காட்சியில் வருகிறது. டங்கன் தன் மகனை இளவரசனாக அறிவிக்கிறான். சிறப்பு அவனுக்கு மட்டும் உரியதாகாது, தகுதியுடைய அனைவர் மீதும் பெருமை விண்மீன்களைப் போல் ஒளிரும் என்று உறுதியளிக்கிறான். அரங்கின் ஒரு மூலையில் நின்று இதைக் கேட்ட மாக்பெத், அதே விண்மீன்களைப் பார்த்துத் தங்கள் தீயை மறைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறான். தன் கை செய்வதைத் தன் கண் காணாதிருக்கட்டும், ஆனால் காரியம் மட்டும் நடந்தேறட்டும் என்பது அவன் வேண்டுதல். மன்னன் கொடையாகக் காட்டிய ஒளியையே அவன் அணைக்கக் கேட்கிறான். கவிஞர் இவ்விரு பேச்சுகளையும் சில வரிகளின் இடைவெளியில் வைத்திருப்பது தற்செயலன்று.

இரண்டாம் மன்றாட்டு அடுத்த காட்சியிலேயே வருகிறது. கணவனின் மடலைப் படித்த சீமாட்டி மாக்பெத், தன் உள்ளத்தில் இரக்கம் நுழையும் வழியை அடைத்துவிடுமாறு தீய ஆவிகளை வேண்டுகிறாள். பின்னர்க் கரிய இரவை அழைக்கிறாள். நரகத்தின் புகையைப் போர்த்திக்கொண்டு வா, நான் ஏந்தும் கத்தி தான் உண்டாக்கும் காயத்தைக் காணாதிருக்கட்டும், இருட் போர்வையின் ஊடே விண்ணகம் எட்டிப் பார்த்துத் தடுக்காதிருக்கட்டும் என்கிறாள். மூன்றாம் மன்றாட்டு மூன்றாம் அங்கத்தில், பாங்க்கோவைக் கொல்ல ஆள் அனுப்பிய பின் மாக்பெத் வாயிலிருந்து வருகிறது. பகலின் இரக்கமுள்ள கண்ணைக் கட்டிவிடுமாறு இரவை அழைக்கிறான். இங்கே கவிஞர் கையாளும் சொல் வேட்டைப் பறவை வளர்ப்போரிடமிருந்து எடுத்தது. காட்டு வல்லூற்றைப் பழக்குவோர் அதன் இமைகளை நூலால் தைத்துவிடுவது அக்கால வழக்கம். பகலின் கண்ணையே அவ்வாறு தைக்கச் சொல்கிறான் மாக்பெத்.

இம்மூன்று பேச்சுகளின் வடிவத்தைக் கூர்ந்து நோக்குக. மூன்றும் செபத்தின் வடிவில் அமைந்தவை. அழைப்பு உண்டு, வேண்டுதல் உண்டு, பயன் இன்னதென்னும் குறிப்பும் உண்டு. வெற்றியையோ நீண்ட ஆயுளையோ அவர்கள் கேட்கவில்லை. காணாதிருக்கும் வரத்தையே கேட்கின்றனர். யாருடைய கண்ணுக்கு அஞ்சி ஒளிகின்றனர்? காவலர் மயங்கிக் கிடக்கின்றனர், கோட்டை அவர்களுடையது. அவர்கள் அஞ்சுவது தம் சொந்தக் கண்ணுக்கு. தீமை செய்வோர் தம் செயல் வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி ஒளியிடம் வருவதில்லை என்று புனித யோவானின் நற்செய்தி கூறுவதை நாம் அறிவோம். ஷேக்ஸ்பியர் அதற்கு அடுத்த படியையும் காட்டுகிறார். ஒளியை விட்டு விலகினால் மட்டும் போதாது, ஒளியே தன்னை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும் அளவிற்கு மனிதன் சென்றுவிடக் கூடும்.

குள்ளஞ்சாவடியிலிருந்து மேற்கே செல்லும் சாலையில் வடலூர் உள்ளது. அங்கே வள்ளலார் இராமலிங்கர் 1872இல் நிறுவிய சத்திய ஞானசபையில், தைப்பூச நாளில் ஏழு திரைகளை ஒவ்வொன்றாக நீக்கி ஒளியைக் காட்டுகின்றனர். முதலில் விலகுவது கருந்திரை. நம் சமயத்தவர் அல்லாதோரும் ஒளியைத் தேடும் வழியை இவ்வாறு உணர்ந்திருக்கின்றனர். சீமாட்டி மாக்பெத் செய்வது இதற்கு நேர் எதிரானது. அவள் திரைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடுகிறாள்.

அதே இரவில் மற்றொருவன்

அவ்வாறாயின் இரவே தீயதா? இல்லை என்பதற்குச் சான்று நாடகத்திலேயே உள்ளது. கொலை நிகழவிருக்கும் அதே இரவில், இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில், பாங்க்கோ தன் மகன் ஃபிளியன்ஸோடு முற்றத்தில் நிற்கிறான். நிலவு மறைந்துவிட்டது, விண்மீன்களும் தோன்றவில்லை. மாக்பெத் வேண்டியது அப்படியே நிறைவேறியிருக்கிறது. பாங்க்கோ அதே வானத்தைப் பார்த்து, விண்ணுலகில் சிக்கனம் போலும், விளக்குகளை அணைத்துவிட்டார்கள் என்று மகனிடம் எளிமையாகச் சொல்கிறான். வீட்டுத் தலைவன் ஒருவன் படுக்கைக்குப் போகுமுன் விளக்கைக் குறைக்கும் இயல்பு அவன் சொல்லில் தெரிகிறது. தூக்கம் அவன் கண்ணை அழுத்துகிறது. ஆயினும் உறங்க அஞ்சுகிறான். சூனியக்காரிகளின் சொல் அவன் உள்ளத்தையும் தொட்டிருக்கிறது. ஓய்வில் தலைதூக்கும் தீய எண்ணங்களை அடக்கியருளுமாறு இரக்கமுள்ள விண்ணக ஆற்றல்களை அவன் வேண்டுகிறான்.

இருவரும் ஒரே இரவின் கீழ் நிற்கின்றனர். இருவரையும் ஒரே சோதனை தீண்டியிருக்கிறது. ஒருவன் தன் கையை மறைக்குமாறு கேட்கிறான். மற்றவன் தன் எண்ணத்தை அடக்குமாறு கேட்கிறான். படுக்கைக்குச் செல்லுமுன் திருச்சபை சொல்லித்தரும் இரவு மன்றாட்டின் உள்ளடக்கம் பாங்க்கோவின் வேண்டுதலில் உள்ளது. இரவு இறைவன் ஓய்வுக்காகத் தந்த கொடை என்பதை மறவாதவன் அவன். நமது வழிபாட்டு ஆண்டின் மிக உயர்ந்த விழாவும் இரவிலேயே தொடங்குகிறது. பாஸ்கா திருவிழிப்பில் இருண்ட கோவிலில் ஒரே மெழுகுதிரி ஏந்தி நுழையும் திருச்சபை, அவ்விரவைப் புகழ்ந்தே பாடுகிறது.

இதை வற்புறுத்திக் கூறுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கறுப்பு என்றால் தீமை, வெளுப்பு என்றால் நன்மை என்னும் வாய்பாடு வகுப்பறையோடு நிற்பதில்லை. பெண் பார்க்கும் வீடுகளிலும், பள்ளி விளையாட்டுத் திடலிலும், தோலின் நிறத்தை வைத்து ஒருவரைத் தாழ்த்தும் வழக்கிலும் அது உயிர்வாழ்கிறது. நாடகத்திலும் கறுப்பு என்னும் சொல் தீய ஆசைக்கு அடைமொழியாக வருவது உண்மையே. அக்கால ஆங்கில வழக்கு அது. ஆயினும் நெய்வேலிக்கு அருகில் வாழும் நாம் அதை ஆராயாமல் ஏற்கத் தேவையில்லை. நிலத்தின் ஆழத்தில் புதைந்து கிடந்த பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்க 1956இல் ஒரு நிறுவனம் தோன்றி, 1962 முதல் அக்கரியிலிருந்து மின்சாரம் பிறந்து வருகிறது. நம் வீட்டு விளக்கு கரியிலிருந்து வருவது. இரவுப் பணிக்குச் செல்லும் தொழிலாளியின் உழைப்பிலிருந்து வருவது. இருளில் உழைப்போர் வேறு. இருளைக் கேட்போர் வேறு. மாக்பெத் நாடகம் இரண்டாமவரைப் பற்றியது.

சீர்குலைவின் இலக்கணம்

கேட்ட இருள் வருகிறது. அதனோடு கேட்காத ஒன்றும் வருகிறது. அதுவே சீர்குலைவு. கொலை நிகழ்ந்த இரவில் புகைபோக்கிகள் காற்றில் சாய்ந்தன, காற்றில் ஓலம் கேட்டது, கூகை இரவு முழுதும் அலறியது, நிலமே காய்ச்சல் கண்டு நடுங்கியதாகச் சொல்லப்படுகிறது. மறுநாள் விடிய வேண்டிய நேரத்தில் பொழுது விடியவில்லை. எலி பிடித்துத் தின்னும் ஆந்தை, உயரப் பறந்த வல்லூற்றைக் கொன்றது. டங்கனின் அழகிய குதிரைகள் கொட்டிலை உடைத்துக்கொண்டு வெளியேறி ஒன்றையொன்று தின்றன. இவற்றை வெறும் அச்சமூட்டும் காட்சிகளாகக் கொள்வது போதாது. ஒவ்வொன்றும் கொலையின் ஒரு பக்கத்தை எடுத்துரைக்கிறது. தாழப் பறப்பது உயரப் பறப்பதை வீழ்த்தியது, குடிமகன் மன்னனைக் கொன்றதைக் காட்டுகிறது. ஓரினம் தன்னினத்தைத் தின்றது, உறவினன் உறவினனைக் கொன்றதைக் காட்டுகிறது. பகல் வர மறுத்தது, ஒளியை வேண்டா என்றவனின் வேண்டுதல் நாடு முழுவதற்கும் நிறைவேறியதைக் காட்டுகிறது. கேட்டவன் ஒருவன்; இருளில் வாழ்பவர் அனைவரும்.

தமிழ் வாசகர்க்கு இவ்விடத்தில் சிலப்பதிகாரம் நினைவிற்கு வராமல் இராது. கோவலன் கொலையுண்ட பின், கண்ணகி அரண்மனை வாயிலை அடையுமுன், பாண்டிமாதேவி தான் கண்ட தீய கனவை உரைக்கிறாள். வெண்கொற்றக் குடையும் செங்கோலும் வீழ்கின்றன. கதிரவனை இருள் விழுங்குகிறது. இரவில் வானவில் தோன்றுகிறது. பகலில் விண்மீன் விழுகிறது. இளங்கோவடிகளுக்கும் ஷேக்ஸ்பியருக்கும் இடையே கடலும் காலமும் கிடந்தபோதும், அறம் பிறழ்ந்த அரண்மனையில் இரவும் பகலும் இடம் மாறும் என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

ஆயின் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பாண்டியன் ஆராயாமல் தவறினான். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த கணத்தில் உண்மையைக் கண்டான். கண்டவுடன் தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு அரியணையிலிருந்து விழுந்து உயிர் துறந்தான். வளைந்த கோலை அவன் உயிரே நிமிர்த்தியது என்று பின்னர்ச் சேரன் செங்குட்டுவன் பாராட்டுகிறான். மாக்பெத்தோ நன்றாக ஆராய்ந்த பின்னரே தவறினான். நான் இவருக்கு உறவினன், குடிமகன், மேலும் விருந்தளிப்பவன். கொலைஞனுக்குக் கதவடைக்க வேண்டிய நானே கத்தி ஏந்தலாமா என்று அவனே வாதிடுகிறான். பாண்டியனுக்கு ஒளி வந்தது. அவன் அதை ஏற்றான். மாக்பெத்துக்கு ஒளி முன்னமே இருந்தது. அவன் அதை மறைக்கக் கேட்டான். ஆகவேதான் மதுரையில் செங்கோல் ஒரு கணத்தில் நிமிர்கிறது. ஸ்காட்லாந்தில் சீர்குலைவு ஐந்தாம் அங்கம் வரை நீள்கிறது.

விருந்தினன் தலைசாய்க்கும் இடம்

இருளும் சீர்குலைவும் சந்திக்கும் இடம் விருந்தோம்பல். டங்கன் கோட்டைக்கு வந்து சேரும்போது, கோவில் மாடங்களில் கூடுகட்டும் தகைவிலான் குருவி அச்சுவரெங்கும் கூடு கட்டியிருப்பதைப் பாங்க்கோ காட்டுகிறான். பறவை நம்பிக் குடியேறிய வீட்டில் மன்னனும் நம்பித் தங்குகிறான். பின்னர்ப் பாங்க்கோவைக் கொல்லக் காத்திருக்கும் கொலைஞருள் ஒருவனே, மேற்கில் பகலின் கீற்று இன்னும் மங்காத அந்த வேளையில், பொழுது சாயுமுன் விடுதியை அடைய விரையும் வழிப்போக்கனை நினைத்துப் பேசுகிறான். நம் ஊர்ப் பெயர்கள் பலவற்றில் ‘சாவடி’ என்னும் சொல் உள்ளது. குள்ளஞ்சாவடியும் அவற்றுள் ஒன்று. இருட்டுமுன் வழிப்போக்கன் தங்குமிடம் என்பது அச்சொல்லின் பொருள். சாவடியை நம்பி வருபவனைச் சாவடிக்காரனே கொன்றால் அதன்பின் எந்தச் சாலையிலும் எவனும் நடக்க இயலாது. டங்கனின் கொலை அத்தகையது.

பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த திருக்கோவலூரில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பாடிய மெய்ப்பொருள் நாயனார் வரலாறு இதற்கு மறுதலையானது. அங்கே விருந்தினனாக வந்தவனே கொலைஞன். முத்தநாதன் தவக்கோலம் பூண்டு, ஏட்டுக் கட்டினுள் கத்தியை மறைத்து, இரவில் மன்னனை நெருங்குகிறான். வெளியே ஒளிவிட்டு உள்ளே கருமையைப் பொதிந்துள்ள விளக்கு என்று சேக்கிழார் அவனைக் காட்டுகிறார். மலர் போல் தோன்று, அதனடியில் பாம்பாய் இரு என்னும் கருத்தில் சீமாட்டி மாக்பெத் கணவனுக்குத் தரும் அறிவுரை இவ்வுவமையோடு எவ்வளவு பொருந்துகிறது! குத்துண்ட மன்னனோ, பழிவாங்க ஓடிவந்த காவலன் தத்தனைத் தடுத்து, வந்தவனை ஊறின்றி எல்லைவரை கொண்டு சேர்க்கப் பணிக்கிறான். ஒரு வீட்டில் விருந்தினன் கொலைஞனாக இருந்தும் விருந்தோம்பல் சாகவில்லை. மற்றொரு வீட்டில் விருந்தளிப்பவனே அதைக் கொன்றான். அதன்பின் மாக்பெத்தால் ஒரு விருந்தைக்கூட நடத்த முடியவில்லை. மூன்றாம் அங்கத்தின் விருந்துக் காட்சி, அவரவர் தகுதி வரிசைப்படி அமருங்கள் என்னும் அவன் சொல்லோடு தொடங்குகிறது. பாங்க்கோவின் ஆவியைக் கண்டு அவன் பிதற்றிய பின், வரிசை பாராமல் உடனே கலைந்து செல்லுங்கள் என்னும் அவன் மனைவியின் சொல்லோடு முடிகிறது. ஒரு வேளை உணவிற்குள் நாட்டின் ஒழுங்கு குலைந்துவிடுகிறது.

சொற்களிலும் இக்குலைவு படர்கிறது. சூனியக்காரிகள் பொய் சொல்வதில்லை. இருபொருள்படப் பேசி ஏமாற்றுகின்றனர். கொலை நிகழ்ந்த காலையில் கதவு தட்டும் ஓசை கேட்டு வரும் வாயிற்காப்போன், தன்னை நரகத்தின் வாயிலோனாகக் கற்பனை செய்து, இருபொருள்படப் பேசுவோன் ஒருவனை எள்ளி வரவேற்கிறான். 1606ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் இலண்டனில் தூக்கிலிடப்பட்ட இயேசு சபைக் குரு ஹென்றி கார்னெட்டை இது குறிக்கிறது என்று அறிஞர் பலர் கருதுவர். 1605ஆம் ஆண்டின் வெடிமருந்துச் சதியை ஒப்புரவு அருள்சாதனத்தின் முத்திரையின் கீழ் அறிய நேர்ந்ததாக அவர் கூறினார். தம் மக்களைக் காட்டிக்கொடுக்காதிருக்க வேண்டிய குருவின் மறுமொழிகள் ஆட்சியாளருக்கு நகைப்பிற்கு இடமாயின. கத்தோலிக்கராகிய நாம் இவ்வரிகளைச் சற்று நோவுடனேயே வாசிக்கிறோம். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. பிறரைக் காக்க வாய்மூடுவதும், தன்னை மறைக்கச் சொல்லைத் திரிப்பதும் ஒன்றாகா. நாடகம் முழுதும் தண்டிக்கப்படுவது இரண்டாவதே.

வரம் திரும்பி வந்த விதம்

கேட்ட மூன்று வேண்டுதல்களும் கிடைத்தன. கிடைத்தவை என்ன செய்தன? முதலாவதாக, செபமே அவனைக் கைவிட்டது. கொலை முடித்து வரும் மாக்பெத், அடுத்த அறையில் உறக்கத்தில் இருவர் கடவுளை வேண்டியதைக் கேட்கிறான். அவர்களுடைய வேண்டுதலுக்கு ‘ஆமென்’ சொல்ல முயல்கிறான். சொல் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. இருளிடம் சரளமாக மன்றாடிய நாவிற்கு இறைவனிடம் ஒரே சொல் வரவில்லை. எனக்குத்தானே ஆசி மிகவும் தேவைப்பட்டது என்று அவன் திகைப்பது, இந்நாடகத்தின் மிகத் துயரமான இடங்களுள் ஒன்று.

இரண்டாவதாக, அவன் அழைத்த இருள் அவன் பகைவனுக்கு உதவியது. பாங்க்கோவைத் தாக்கிய கொலைஞருள் ஒருவன் தீப்பந்தத்தை அணைத்துவிடுகிறான். அவ்விருளில் சிறுவன் ஃபிளியன்ஸ் தப்பி ஓடுகிறான். விளக்கை அணைத்தது யார் என்று கொலைஞன் கேட்கும் வினாவிற்கு விடை இல்லை. கண் தைக்கப்பட்டது பகலுக்கன்று, கொலைஞர்க்கே. இருள் எவருடைய அடிமையும் அன்று என்பதைக் கவிஞர் ஒரே நொடியில் காட்டிவிடுகிறார்.

மூன்றாவது, ஐந்தாம் அங்கத்தின் முதற்காட்சி. சீமாட்டி மாக்பெத் உறக்கத்தில் நடந்து வருகிறாள். கையில் ஒரு மெழுகுதிரி. அவளருகில் எப்போதும் விளக்கு இருக்க வேண்டும் என்பது அவள் கட்டளை என்று பணிப்பெண் மருத்துவரிடம் சொல்கிறாள். கரிய இரவை அழைத்தவள் இன்று ஒரு திரியின்றி இரவைக் கடக்க முடியாதவளாகிவிட்டாள். அவள் கண்கள் திறந்திருக்கின்றன, பார்வை மூடியிருக்கிறது. கண் காணலாகாது என்று கேட்டனர், கண் காணவில்லை. ஆனால் கை மறையவில்லை. அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். மருத்துவர், இவளுக்கு வேண்டியவர் மருத்துவர் அல்லர், குருவானவரே என்று கூறி, நம் அனைவரையும் மன்னிக்குமாறு இறைவனை வேண்டுகிறார். கொலை முடித்தவன் சொல்ல இயலாமற்போன செபத்தை ஒரு வழிப்போக்கர் போன்ற மருத்துவர் சொல்லிவிடுகிறார். மனைவி இறந்த செய்தி வரும்போது மாக்பெத் வாழ்வைச் சிறு மெழுகுதிரிக்கு ஒப்பிட்டு, அணைந்துபோகச் சொல்கிறான். சற்று நேரத்தில் கதிரவனைக் கண்டே சலிப்புறுகிறான். விண்மீனில் தொடங்கிய அணைப்பு ஞாயிற்றில் வந்து முடிகிறது.

குணமாக்கும் கை

இச்சீர்குலைவிற்கு மருந்தில்லையா? நான்காம் அங்கத்தில், அரங்கிற்கு வராத ஒருவரைப் பற்றிய பேச்சு வருகிறது. அவர் இங்கிலாந்தின் எட்வர்டு மன்னர். 1066இல் மறைந்து, 1161இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர். மருத்துவம் கைவிட்ட கண்டமாலை நோயாளரை அவர் செபித்துத் தொட்டுக் குணமாக்குவதாக மால்கம் விவரிக்கிறான். அவசரமாக வாசிப்போர் இப்பகுதியைத் தேவையற்ற ஒட்டு என்று கடந்து செல்வதுண்டு. கையைப் பற்றிய நாடகத்தில் அது எங்ஙனம் தேவையற்றதாகும்? ஒரு மன்னனின் கை மறைக்க வேண்டிய கை; மற்றொரு மன்னரின் கை நோயாளர் நாடிவரும் கை. ஆட்சியின் ஒழுங்கு எதில் உள்ளது என்பதை அவ்விரு கைகளும் சொல்லிவிடுகின்றன. நாடகத்தின் முடிவில் மால்கம், இறைவன் அருளால் ஒவ்வொன்றையும் அதனதன் அளவிலும் காலத்திலும் இடத்திலும் செய்வோம் என்று உறுதி கூறுகிறான். இரவு இரவாகவும், பகல் பகலாகவும், விருந்து விருந்தாகவும் திரும்பப் பெறும் நாட்டின் குரல் அது.

ஆகவே வகுப்பறையின் வினாவைச் சற்று மாற்றிக் கேட்பது நலம். இருள் எதன் சின்னம் என்று கேட்பதோடு, அதை யார் கேட்டார், எதைக் காணாதிருக்கக் கேட்டார் என்றும் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்ட மாணவர், ஆவணத்தில் ஒரு பக்கத்தை மறைக்கச் சொல்லும் அதிகாரியையும், தராசின் பக்கம் கண் திருப்பாத வணிகரையும், வீட்டு வேலைக்காரச் சிறுமியின் வயதைக் கேளாதிருக்கும் இல்லத்தாரையும் அடையாளம் கண்டுகொள்வர். நம்முடைய சிறு வேண்டுதல்களும் அவர் கண்ணுக்குத் தப்பா.

நாடகம் முழுவதையும் வாசிக்க நேரமில்லாதோர், முதல் அங்கத்தின் நான்காம் காட்சி, இரண்டாம் அங்கத்தின் முதற்காட்சி, ஐந்தாம் அங்கத்தின் முதற்காட்சி ஆகிய மூன்றை மட்டுமேனும் இவ்வரிசையில் ஓர் இரவு வீட்டில் வாய்விட்டு வாசிக்கலாம். அரை மணி நேரத்திற்கு மேல் ஆகாது. வாசித்து முடித்தபின் குடும்பமாக இரவு செபத்தைச் சொல்லலாம். ‘ஆமென்’ என்னும் சொல் தடையின்றி நம் நாவில் வருவது எவ்வளவு பெரிய கொடை என்பது அன்று விளங்கும்.